பையில் வராத கடிதம்

எழுபதுகளின் கடைசியில், பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், முத்தியால்பேட்டையில் நான் தபால்காரன். ஒரு வெள்ளிக்கிழமை, முருகனைக் கும்பிட்டுவிட்டு கடிதம் கொடுக்கும் சுற்றுக்கு, எங்கள் பேச்சில் பீட்டுக்கு, கிளம்பினேன். தெரேசம்மா வாசலில் துணிப்பையோடு நின்றார். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். அந்த பென்ஷனில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல தம்பி. பிரான்ஸ்லேர்ந்து காயிதம் வந்துருக்கு. பென்ஷன் புத்தகம், கல்யாணப் பத்திரம் எல்லாம் ஒரிஜினல் குடுக்கணுமாம். இல்லாட்டி பென்ஷன நிறுத்திடுவாங்களாம். இன்னிக்கு ஆள் வந்து வாங்கிக்குவாராம்."

"காயிதம் எப்ப வந்துது?"

"நேத்து சாயங்காலம். கதவுக்கடியில கெடந்துச்சி."

அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுபோகிறவன் நான் ஒருவன்தான். நேற்று என் பையில் அவருக்கு எதுவும் இல்லை.

எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். பிரெஞ்சு படித்தவர் என்பதால் தெருவுக்கே அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா. "நான் படிச்சிட்டேன்பா. அருமையான பிரெஞ்சு. நீ இன்னாத்த பார்க்கப் போற?"

எனக்கு பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. உறையைத்தான் பார்த்தேன். பிரான்ஸ் ஸ்டாம்ப். அதன்மேல் விழுந்த முத்திரை மை ஸ்டாம்ப் ஓரத்தோடு நின்றுவிட்டது. உறையில் அந்த முத்திரையின் ஒரு கோடுகூட இல்லை. வரும் கடிதத்துக்கெல்லாம் பின்பக்கம் நாங்கள் குத்தும் ஆபீஸ் தேதி முத்திரையும் இல்லை.

"முசியே, ஸ்டாம்ப் மட்டும்தான் பிரான்ஸ்லேர்ந்து வந்துருக்கு. காயிதம் வரல. பழைய ஸ்டாம்ப உரிச்சி இதுல ஒட்டியிருக்காங்க."

அப்போதே ஆள் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, தோல் பை, வாய் நிறைய "மதாம், மதாம்". தெரேசம்மா கை துணிப்பையை நீட்டப் போனது. அந்தப் புத்தகம் போனால் மறுபடி வாங்க அந்த அம்மா எத்தனை வாசல் ஏற வேண்டும். சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன்.

"சார், எங்க போஸ்ட்மாஸ்டர் முன்னால கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. பக்கத்துலதான்."

"கார்ல ஃபைல் இருக்கு. எடுத்துட்டு வர்றேன்."

கார் நுழையாத சந்து அது. போனவன் போனவன்தான். உழைக்க வக்கில்லாமல் விதவையின் சோற்றில் கை வைக்க வந்த பிறவி.

முசியேவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "இருந்தாலும் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சுப்பா" என்றார். இந்தப் படிப்பை எனக்குக் கொடுக்காததற்கு அன்று சாயங்காலம் முருகனுக்கு ஒரு சூடம் ஏற்றினேன்.

இன்று பேங்க் பேரைச் சொல்லி உங்கள் போனில் மெசேஜ் வருகிறதே, அதுவும் இதே ஜாதி. பத்து நாளில் கணக்கை நிறுத்துவோம், இன்றே நம்பரைக் கொடு என்பான். எழுத்து அழகாகத்தான் இருக்கும். எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். பேங்குக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

தெரேசம்மா கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு நானே கையில் கொடுத்தாலும், உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.