மைசூரு நீச்சல் போட்டியும் என் கையில் கொடுத்த ஸ்டாப்வாட்சும்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூருக்குப் போய் வந்தோம். அரண்மனை பார்க்க அல்ல. என் மகள் தர்ஷினிக்குப் பத்து வயது. கொள்ளேகாலில் ஒரு தனியார் குளத்தில் சனி, ஞாயிறு நீச்சல் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய கோச் ஒருநாள், "மைசூர்ல சின்னப் பசங்களுக்கு ஒரு மீட் இருக்குது சார், சும்மா ஒரு எக்ஸ்பீரியன்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த "சும்மா"வை நம்பித்தான் கிளம்பினேன். இதுபோல முதல்முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நான் பட்ட பாட்டில் பாதியாவது மிச்சமாகும்.

என்னைப் பற்றி ஒரு வரி. கர்நாடகத்தில், ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் பம்ப் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, கெமிஸ்ட்ரியோடு என் படிப்பு முடிந்தது. தண்ணீரோடு எனக்குள்ள பழக்கமெல்லாம் மோட்டார் வழியாகத்தான்; இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போனால் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

காலை 4.45க்குக் கிளம்பினோம். ஹனூர், கொள்ளேகால், டி.நரசிபுரம் வழியாக மைசூரு. என் வண்டி மீட்டர்படி குளத்து வாசல்வரை 109 கிலோமீட்டர், 2 மணி 35 நிமிடம். போகவர பெட்ரோல் 1,400 ரூபாய். போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 300, முன்கூட்டியே கோச் மூலம் கட்டியாயிற்று. மனைவிக்கு மறுநாள் பள்ளியில் ஆய்வு, அவள் அங்கே டீச்சர், அதனால் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாப்பாட்டை அனுப்பினாள்: எலுமிச்சை சாதம், தயிர் சாதம், பன்னிரண்டு அவித்த முட்டை, ஒரு டப்பா கடலை மிட்டாய். வண்டி முழுக்க ஒரு கல்யாண வீட்டு வாசனை.

ஊருக்குள் நுழைந்ததும் மேப் எங்களை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. சாப்பாட்டு வாசனையை வைத்து அதுவும் முடிவு செய்ததோ என்னவோ. பக்கத்தில் ஆட்டோ வைத்திருந்தவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் வழி கேட்டேன். அவர் பாதியிலேயே, "தமிழ்லயே கேளுங்க சார், ரெண்டு பேருக்கும் கஷ்டம் எதுக்கு" என்றார். "நேரா போங்க. அப்பாங்க எல்லாம் எங்க துண்டு தூக்கிட்டு ஓடறாங்களோ, அதான்." சரியாக அப்படித்தான் இருந்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: வயதுச் சான்று ஒரிஜினல், ஆதார் நகல், இரண்டும் வேண்டும். சான்று கையில் இருந்தது, ஆதார் மட்டும் செல்போனில் படமாக இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை எட்டரைக்குத்தான் திறக்கும்; அதுவரை ஒரு பொறுப்பாளர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். பிறகு பிள்ளையின் கையில் மார்க்கர் பேனாவால் மூன்று எண் எழுதுவார்கள். தர்ஷினிக்கு 23, 2, 2. அதாவது இருபத்து மூன்றாவது போட்டி, இரண்டாவது ஹீட், இரண்டாவது லேன். குளத்தில் ஆறு லேன்தான் என்பதால் ஒரு போட்டிக்கு வந்த பிள்ளைகளை ஆறு ஆறு பேராக நீந்தவிடுவார்கள், அதுதான் ஹீட். எல்லா ஹீட்டையும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்த ஆறு பேர் மதியம் ஃபைனலுக்குப் போவார்கள். அவள் நீந்த வேண்டியது ஐம்பது மீட்டர். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக எட்டு மணியிலிருந்து பதினொன்றேகால்வரை காத்திருந்தோம்.

நிழல் முழுவதும் எங்களுக்கு முன்பே நிரம்பியிருந்தது. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, குடை என்று ஒரு குடும்பம் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. நான் சுருட்டிக் கொண்டுபோயிருந்த பாயைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு மனிதர் நாற்காலியை ஒதுக்கி இடம் கொடுத்தார். பெயர் முரளி. விஜயநகரில் வீடு, தொழிற்சாலையில் வேலை. மகள் நிஹாரிகா, தர்ஷினி வயது, அதே போட்டி. இது அவர்களுக்கு ஏழாவது மீட்.

"முதல் தடவையா சார்? பாயைப் பாத்தாலே தெரியுது" என்றார். "முட்டையெல்லாம் இப்ப கொடுக்காதீங்க, தண்ணியில கல்லு மாதிரி இறங்கிடுவா. வாழைப்பழம் பாதி, அவ்வளவுதான். மிச்சத்தை ஸ்வல்ப இந்தப் பக்கம் தள்ளுங்க, நான் நீந்தறதில்ல."

வார்ம்-அப்பில் தர்ஷினியின் நீச்சல் கண்ணாடிப் பட்டை அறுந்துவிட்டது. எங்களிடம் வேறு கிடையாது. நிஹாரிகா தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அவளிடம் மூன்று இருந்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்தது இரண்டு கண்ணாடி, இரண்டு துண்டு, ஒரு ரப்பர் செருப்பு.

ஒன்பது மணிக்கு மைக்கில், நேரம் எடுக்க ஆள் குறைகிறது, பெற்றோர் யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டார்கள்.

"போங்க சார்" என்றார் முரளி. "தண்ணி ஓரமாவே உக்காந்து பாக்கலாம். டீ, பிஸ்கட் ஃப்ரீ."

போனேன். வெள்ளை உடையில், கழுத்தில் விசிலோடு ஒரு மேடம்தான் தலைமை நடுவர். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அதட்டக்கூடியவர். ஒரு ஸ்டாப்வாட்சை என் கழுத்தில் மாட்டி நான்காவது லேனுக்கு அனுப்பினார். "ஹாரன் அடிச்சா அமுக்குங்க. கை செவுத்தத் தொட்டா அமுக்குங்க. நடுவுல போன் பேசறது, கைதட்டறது, ஸ்நேகிதங்களப் பாக்கறது எதுவும் வேண்டாம். கண்ணு தண்ணியில இருக்கணும்." லேனுக்கு இரண்டு பேர் வேண்டுமாம், அன்று ஒருவர்தான் கிடைத்தார். நான்காவது லேனுக்கு அந்த ஒருவர் நான்.

இருபத்திரண்டு போட்டிகளுக்கு நான் நேரம் எடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஷூ போட்டுப் போகக்கூடாது என்று வெறுங்காலில் நிறுத்தியிருந்தார்கள். கல் தரை தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றாலும் வாட்சை அமுக்கும் விரல் மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. மோட்டார் ரிப்பேரை விட்டுவிட்டு இதற்கே வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இருபத்து மூன்றாவது போட்டி, முதல் ஹீட். நான்காவது லேனில் நிஹாரிகா. ஹாரன் அடித்தது, அமுக்கினேன். போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முதல் இருவர் சற்று முன்னே, மூன்றாவதாக இவள், மற்றவர்கள் வெகு பின்னால். அந்தச் சமயத்தில் எனக்குப் பின்னால் அடுத்த ஹீட்டுக்கு வரிசையில் நின்ற தர்ஷினியைத் திரும்பிப் பார்த்தேன். தொப்பி ஒரு பக்கமாக ஏறி, ஒரு காது வெளியே.

"கண்ணு, காதை உள்ள விடு! காதை!"

"விட்டுட்டேன்பா! அங்க பாருங்க!" என்றாள்.

பார்த்தேன். நிஹாரிகா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கினேன். 47.62. ஒரு விநாடி தாமதமா, இரண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஹீட்டுக்கு விசில் அடித்துவிட்டார்கள். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பயத்தில் இரண்டாவது ஹீட்டில் நான்காவது லேன் பிள்ளையின் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் மகள் சுவரைத் தொட்டதை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தேன். 109 கிலோமீட்டர் வந்து என் மகள் நீந்தியதைப் பார்க்காத அப்பன் அந்தக் குளத்தில் நான் ஒருவன்தான்.

மதியம் பன்னிரண்டு ஐந்துக்குச் சுவரில் தாள் ஒட்டினார்கள். ஆறாவது இடம்: தர்ஷினி, 47.05. ஏழாவது: நிஹாரிகா, 47.62.

தர்ஷினி குதித்த குதியில் பாய் மடங்கியது. என் போனைப் பிடுங்கி அம்மாவிடம் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் என் மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்து, கடைக்கு எதிரிலிருக்கும் பேக்கரிக்காரர் எனக்குக் கட்டைவிரல் அனுப்பிவிட்டார். முரளி கை குலுக்கினார். "முதல் மீட்லயே ஃபைனல்! சூப்பர் சார்." பிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ நாப்பத்தஞ்சுக்குள்ளதான் வருவா. இன்னைக்கு என்னமோ டயர்டு போல." நிஹாரிகா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தர்ஷினியைக் கார் நிறுத்தியிருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"கண்ணு, அந்தப் புள்ளைக்கு அப்பா லேட்டா அமுக்கிட்டேன்."

"எவ்வளவு லேட்டு?"

"தெரியல சாமி. உன் காதைப் பாத்துட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் காலால் சரளைக் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஃபைனல் முடிஞ்ச பின்னால சொல்லலாமில்லப்பா?"

பத்து நிமிடமாக நான் யோசித்துக்கொண்டிருந்ததும் அதே வார்த்தைதான். அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எப்படி இருக்கிறது என்று காதில் கேட்டது.

"இப்பவே சொல்லோணும் கண்ணு."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க? போய்ச் சொல்லுங்க." துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடம் அப்போது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை செகண்ட் லேட்?"

"ஒண்ணோ ரெண்டோ இருக்கும் மேடம்."

"ஒண்ணோ ரெண்டோவா? இதென்ன சார், தக்காளியா நிறுக்கறீங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். என் கழுத்திலிருந்து வாட்சைக் கழற்றினார். அதற்கப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "சொல்ல வந்தீங்களே, அது போதும். ரெண்டு மணிக்கு அந்த ரெண்டு பேரையும் மட்டும் நீந்த விடறேன். ஜெயிக்கறவங்களுக்கு ஃபைனல்ல ஆறாவது லேன். நீங்க அந்த மரத்தடியத் தாண்டி வரக்கூடாது."

முரளியிடம் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவர் வெகுநேரம் ஐஸ் பெட்டி மூடியைத் திறந்து திறந்து மூடினார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"போன வருஷம் நானும் ஒரு புள்ளைக்கு வாட்சை ஆன் பண்ணவே இல்ல சார்" என்றார் மெதுவாக. "பக்கத்து லேன்காரரப் பாத்து ஒரு நம்பர் எழுதிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. வீட்ல கூட." பிறகு ஒரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

இரண்டு மணி. காலியான குளத்தில் நடு லேன்கள் இரண்டில் இரண்டே பிள்ளைகள். மேடமும் இன்னும் மூன்று பேருமாக லேனுக்கு இரண்டு வாட்ச். மைக்கில் காரணம் சொல்லாமல் "ஒரு சிறப்புப் போட்டி" என்றார்கள், நல்ல மனதுக்காரர்கள். ஆனால் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. நான் மரத்தடியில் நின்று, அன்று முதன்முறையாக என் மகள் நீந்துவதைப் பார்த்தேன். முதல் பாதியில் தர்ஷினி ஒரு முழம் முன்னால் இருந்தாள். திரும்பும்போது நிஹாரிகா சுவரை உதைத்த உதையில் அந்த முழம் போயிற்று. கடைசிப் பத்து மீட்டரில் யார் கை முன்னால் போகிறது என்றே தெரியவில்லை. முரளி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு இரண்டு பேர் பெயரையும் மாற்றி மாற்றிக் கத்தினார்.

நிஹாரிகா 45.10. தர்ஷினி 45.82.

வெளியே வந்த தர்ஷினி என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நிஹாரிகாவோடு போய் உட்கார்ந்தாள். இரண்டும் எலுமிச்சை சாதத்தை ஒரே டப்பாவில் தின்றன. ஃபைனலில் நிஹாரிகா ஐந்தாவதாக வந்தாள். தர்ஷினி கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. என் மனைவி ஸ்டேட்டஸை எடுத்துவிட்டாள். பேக்கரிக்காரர் மட்டும் இன்றுவரை "ஃபைனல் என்னாச்சு" என்று கேட்கிறார்.

4.15க்குக் கிளம்பினோம். போகப்போகிறவர்களுக்கு மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்குள் போனால் நிழல் கிடைக்கும். ரிசல்ட் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரைமணியில் கிழித்து அடுத்ததை ஒட்டிவிடுவார்கள். குளத்தில் இறங்கும்முன் பிள்ளையிடம் எதுவும் சொல்லாதீர்கள், காதைப் பற்றிக்கூட. நேரம் எடுக்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை நீந்தும் போட்டி வந்தால் வாட்சை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு.

டி.நரசிபுரத்தில் டீக்கு நிறுத்தினேன். ஒரு மணி நேரமாகப் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தவள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ரெண்டாவது தடவை எனக்கு எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு புள்ளி எம்பத்திரண்டு கண்ணு. காலையில விட ஒரு செகண்டுக்கு மேல கம்மி."

"யார் புடிச்சாங்க?"

"அந்த மேடம்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.