காணாமல் போன காரட் நுனிகள்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறை ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். இரண்டு பர்னர் அடுப்பு, ஓர் ஆவிப் பாத்திரம், சுவரோரமாகச் சிமெண்ட் மேடை, கூடத்தைப் பார்த்தாற்போல் பரிமாறுகிற ஜன்னல் ஒன்று. மேடையின் இடது மூலையில் ஐந்து கிலோ வரை நிறுக்கும் மின் தராசு இருந்தது. அதனாலேயே சமையல்காரிக்குப் பெயர் மாறிப்போனது. ஆயாதான் முதலில் "தராசக்கா" என்று கூப்பிட்டாள். ஒரு வாரத்துக்குள் இருபத்து மூன்று குழந்தைகளும், டீச்சரும், பொறுப்பாளர் அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தராசக்கா அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பைப் கம்பெனி கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைத்தவள். அங்கே தினமும் எச்சில் வாளியை எடை போட்டு நோட்டில் எழுதவேண்டும். சாப்பாடு எப்படி என்று யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள், வாளிதான் சொல்லும். கம்பெனியை இழுத்து மூடியபோது, அவள் கையோடு கொண்டுவந்தது இந்த ஒரு பழக்கத்தைத்தான்.

காப்பகத்தில் மாலைச் சிற்றுண்டி மூன்றரை மணிக்கு. நாலாக வெட்டிய வேகவைத்த முட்டை, விரல் நீளத்துக்கு நறுக்கிய வெள்ளரி, காரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தயிரில் போட்ட வாழைப்பழம் என்று நாளுக்கொன்றாகச் செய்வாள். மூன்று வயதுக்காரர்களுக்குக் காரட்டை ஆவியில் மெத்தென்று வேகவைத்துவிடுவாள். எதிலும் எண்ணெய் கிடையாது, கூடுதல் இனிப்பு கிடையாது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கிலோ முன்னூறு கிராம் வெளியே போனால் ஒரு கிலோ நானூறு திரும்பி வந்தது. நானூறு ஆம்பளைகளைச் சமாளித்தவளுக்கு இந்த இருபத்து மூன்று பொடிசுகள் தண்ணி காட்டின.

பிள்ளை பசியோடு வீட்டுக்கு வருகிறது என்று இரண்டு மூன்று பெற்றோர் முறையிட்டார்கள். பொறுப்பாளர் அம்மா மாத ஆரம்பத்திலேயே தராசக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை பார்ப்பது. அப்போதும் பாதிக்கு மேல் திரும்பி வந்தால், சாயங்காலத்துக்குப் பாக்கெட் பிஸ்கட். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அடுப்பு எரியவேண்டியதில்லை, தராசக்காவும் இருக்கவேண்டியதில்லை. பாதி வேலை போகிறது என்பது ஒரு பக்கம். போயும் போயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டிடம் தோற்பதா என்பதுதான் அவளுக்கு ஜீரணமாகவில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு குழந்தையும் தன் தட்டை ஜன்னலுக்குக் கொண்டுவரவேண்டும். அவள் அதைத் தராசில் வைத்து, பெயருக்கு நேரே எழுதிக்கொள்வாள். இரண்டு வாரத்தில் சில விஷயங்கள் பிடிபட்டன. ஆப்பிள் வெட்டிய ஓரம் பழுப்பானால் ஒருவரும் தொடுவதில்லை. வெள்ளரிமேல் தயிர் பட்டுவிட்டால் இரண்டும் போயிற்று. இதையெல்லாம் திருத்தியதில் எடை ஒரு கிலோ இருநூற்றுக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றிலும் கனமான தட்டு பஞ்சுவுடையது. ஐந்தரை வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தின்பாள்: முட்டையின் வெள்ளை, தயிர், ரொட்டியின் உள்பக்கம். அதனால்தான் அந்தப் பெயர். டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வாய், ரெண்டே வாய்" என்று எண்ணிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். பஞ்சுவின் அப்பா சரக்கு வேன் ஓட்டுபவர். மாலையில் வந்ததும் வராததுமாக, இன்றைக்கு எத்தனை வாய் சாப்பிட்டாள் என்றுதான் கேட்பார்.

மூன்றாவது வாரத்தில் புது வம்பு ஒன்று முளைத்தது. காய் நறுக்கும்போது விழும் நுனிகளைக் கழுவி ஒரு தகரத் தட்டில் போட்டு, பின்கதவுப் பக்கம் தாழ்வான பலகையில் வைப்பது வழக்கம். ஆயா தன் வீட்டு முயல்களுக்கு எடுத்துப்போவாள். அவள் ஒருநாள் குத்தலாகக் கேட்டாள்.

"என் முயலுங்க இளைச்சுப் போச்சு தராசக்கா. நுனியைக்கூட எடை போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

தராசக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் எண்ணி வைத்தாள். காரட் நுனி பதினாலு, வெள்ளரி நுனி ஆறு. இரண்டு மணிக்குக் குழந்தைகள் தூங்கப்போனதும் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போனாள். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் காரட் ஒன்பது, வெள்ளரி மூன்று.

எலி என்றுதான் நினைத்தாள். குழந்தைகள் சாப்பிடும் இடத்தில் எலி என்று தெரிந்தால் மாதக் கடைசி வரைகூடப் பொறுக்கமாட்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் ஒரு எலிக்கூண்டு வாங்கி, நெய்யில் பொரித்த ரொட்டித் துண்டை மாட்டிப் பலகைக்குக் கீழே வைத்தாள். மூன்று நாள் ரொட்டி அப்படியே இருந்தது. நுனிகள் மட்டும் குறைந்தன. வேகவைத்த பீட்ரூட் நுனிகூடப் போயிற்று. நெய் ரொட்டியைச் சீண்டாமல் பீட்ரூட்டைத் தேடிப் போகிற எலி என்ன எலியோ என்று, பயத்தையும் மீறி, அதைப் பார்த்துவிடவேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஆயாவின் வாய் சும்மா இருக்குமா? விஷயம் பொறுப்பாளர் அம்மாவின் காதுக்குப் போனது. அவர் சத்தம் போடவில்லை.

"நாளைக்குக் காலையில எலி பிடிக்கிறவர் வந்து பாப்பார். இருக்குன்னு அவர் சொன்னா, அத்தோட அடுப்பை அணைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தகரத் தட்டைப் பலகையில் வைக்கும்போதுதான், முந்தின நாள் பாதி கடித்துப் போட்ட வெள்ளரி நுனி ஒன்று அங்கே தராசக்காவின் கண்ணில் பட்டது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு அகலமான பல், பக்கத்தில் இடைவெளி, அப்புறம் இன்னொரு பல். எலிக்கு ஏது இந்த வாய்?

மணி இரண்டே கால். கொல்லைக்குப் போவதுபோல் பாத்திரத்தைக் கடகடவென்று உருட்டிவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து, சாமான் அலமாரிக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் போனது. தூங்கும் அறையிலிருந்து ஆயாவின் குறட்டைதான் கேட்டது. குழந்தைகளைத் தூங்கவைக்கிறேன் என்று போய் அவள்தான் முதலில் தூங்குவாள்.

செருப்பில்லாத காலோடு பஞ்சு வந்தாள். நேராகப் பலகைக்குப் போய்க் காரட் நுனி ஒன்றை வாயில் போட்டாள். அவசரப்படாமல் மென்றாள். பிறகு இன்னொன்று, பிறகு வெள்ளரி.

தராசக்காவின் முழங்கால் சொடுக்கென்றது. பஞ்சு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்கா?" என்றாள் தராசக்கா.

பஞ்சு யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இதே காரட்டுதானே தட்டுலயும் வெக்கிறேன். அங்க மட்டும் ஏன் வேணாங்கற?"

"தட்டுல வெச்சா எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. டீச்சர் எண்ணுறாங்க. நீங்க எழுதுறீங்க. அப்பா கேக்குறாங்க." தகரத் தட்டைக் காட்டி, "இது குப்பைதானே. இதை யாரும் எண்ண மாட்டாங்க" என்றாள்.

தராசக்காவுக்குச் சுருக்கென்றது. அதையும் எண்ணியவள் அவள்தான். கேன்டீனில் வாளியை எடை போட்டால் யாருடைய எச்சில் என்று யாருக்குத் தெரியும்? இங்கே ஐந்து வயதுப் பிள்ளையை வரிசையில் நிற்கவைத்து, அது வைத்த மிச்சத்தை அதன் முகத்துக்கு நேராகவே நிறுத்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் பஞ்சு.

"ஏன் கண்ணு?"

"சொன்னா வீட்டுலயும் இதையே தருவாங்க. பக்கத்துல உக்காந்து பாப்பாங்க."

யாரிடமும் சொல்வதில்லை என்று தராசக்கா வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலை எலி பிடிக்கிறவர் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு புழுக்கைகூட இல்லை என்று சொல்லிப் போனார். அப்படியானால் தின்றது யார் என்று பொறுப்பாளர் அம்மா கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றாள் தராசக்கா. பதிலுக்கு இன்று ஒருநாள் தட்டு வேண்டாம், டீச்சர் எண்ணவேண்டாம், தானும் எழுதமாட்டேன் என்றாள். எழுதாவிட்டால் மாதக் கடைசிக்குக் கணக்கு ஏது என்று பொறுப்பாளர் அம்மா நியாயமாகத்தான் கேட்டார். மொத்தமாக ஒரு தடவை போகும்போதும், ஒரு தடவை வரும்போதும் நிறுத்தால் போதும் என்று பேசி முடிவானது.

அன்று காரட், வெள்ளரி, வேகவைத்த பீட்ரூட், முட்டை, கிழங்கு எல்லாவற்றையும் கோணல்மாணலாக வெட்டி, நுனிகளைக்கூடக் கழிக்காமல் ஒரு பெரிய மரப்பலகையில் பரப்பினாள். இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். விளையாட்டுச் சாமான் அலமாரிக்குப் பக்கத்தில், குட்டை பெஞ்சின்மேல், யாரையும் கூப்பிடாமல் வைத்துவிட்டு வந்தாள். டீச்சர் ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிரேயான்களை அடுக்கினாள். தராசக்கா பரிமாறும் ஜன்னலைச் சாத்தினாள்.

"சாத்திட்டா எப்படித் தெரியும்?" என்றார் பொறுப்பாளர் அம்மா.

"தெரியக் கூடாதும்மா. உக்காருங்க."

இரண்டு பேரும் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. கட்டைகள் சரியும் சத்தம், யாரோ யாரையோ பிடித்துத் தள்ளும் சத்தம். பிறகு ஒரு 'கறுக்'. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பொறுப்பாளர் அம்மாவின் கை ஜன்னல் கொக்கிக்குப் போனது. தராசக்கா மெதுவாக அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். அதற்குள் வெளியே நாலைந்து 'கறுக்' சேர்ந்தாற்போல் கேட்டது.

பலகை திரும்பி வந்தபோது அதில் நானூற்றுத் தொண்ணூறு கிராம் இருந்தது. பொறுப்பாளர் அம்மா தராசை ஒருதரம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுக்கச் சொன்னார். அதே நானூற்றுத் தொண்ணூறு.

"புதுசுன்னா ஒருநாள் எல்லாம் திம்பாங்க" என்றார். "தின்னுற புள்ளைங்களே கூடுதலாத் தின்னுருக்கலாம். பஞ்சு மாதிரி புள்ள தின்னுச்சான்னு நான் எதை வெச்சுச் சொல்றது?"

தராசக்காவிடம் பதில் இருந்தது. வாக்கும் இருந்தது. பலகையைத் துடைத்தாள். பிஸ்கட் பாக்கெட்காரருக்கு நாளைக்குச் சொல்லியாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே பொறுப்பாளர் அம்மா எழுந்தார்.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் பஞ்சுவின் அப்பா வந்தார். வாசல்வரை போனவர், மகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பி ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, பாப்பா எங்கயாவது விழுந்துட்டாளா? நாக்கெல்லாம் ரத்தமா இருக்கு."

பொறுப்பாளர் அம்மா குனிந்து பார்த்தார். பஞ்சு நாக்கை நீட்டினாள். செக்கச்செவேல் என்று இருந்தது. உதட்டோரம், கட்டைவிரல், சட்டைக் கை எல்லாம் அதே நிறம். பொறுப்பாளர் அம்மாவுக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. எத்தனை துண்டு என்று கேட்க வாயெடுத்தவர், அப்பாவின் தோளுக்குப் பின்னால் தராசக்கா தலையை ஆட்டுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ரத்தமில்ல சார், பீட்ரூட் சாயம். கழுவினாப் போயிடும்" என்றாள் தராசக்கா. "ஆனா வீட்டுல அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."

"எதைக் கேக்கக் கூடாது?"

"இதைத்தான்."

அவர் மகளைப் பார்த்தார். தராசக்காவைப் பார்த்தார். தொண்டைவரை வந்துவிட்ட கேள்வியை விழுங்க அந்த மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பொறுப்பாளர் அம்மா அதற்குள் அறைக்குப் போய், பாக்கெட்காரருக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சு அப்பாவின் கையிலிருந்து நழுவி இறங்கி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்து போனாள்.