டிரைவரம்மா விட்டுப்போன செடி

பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா இருந்தார். கணவர் ரயில் ஓட்டியவர். இறந்துவிட்டார். மகனுக்குப் பட்டறையில் வேலை. நாங்கள் அவரை டிரைவரம்மா என்போம்.

அவர் வராந்தாவில் பீங்கான் தொட்டியில் ஓர் ஆர்கிட் செடி. கணவர் மலைப்பக்கம் வேலை பார்த்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அது பூத்தால் தொட்டியைக் கணவர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார்.

மகளின் பிரசவத்துக்காக அவர் மெட்ராஸ் போனபோது செடியை எங்கள் அம்மாவிடம் கொடுத்தார். மகனை நம்பவில்லை.

"வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும்மா. மேல வேணாம்."

அம்மா தலையாட்டினாள். அவர் ஏறிய ஜட்கா வண்டி தெரு திரும்பியதும் அப்பாவிடம் சொன்னாள்.

"காவேரித் தண்ணி வர்ற ஊருல வாரத்துக்கு ஒரு டம்ளராம். பாவம், குழாயடியில நிக்க முடியாம செடியைக் காயப் போட்டிருக்கு."

தினமும் ஒரு செம்பு ஊற்றினாள். அரிசி கழுவின தண்ணீரும் உண்டு. அவள் வைத்த செடி எதுவும் அதுவரை பட்டுப்போனதில்லை.

அடி இலை மஞ்சளானது. இன்னொரு செம்பு ஊற்றினாள். அடுத்ததும் போனது. மூன்றாவது இலை தொட்டதும் கையோடு வந்தது. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாள்.

"மோர் ஊத்திப் பாருங்கக்கா."

"ஊத்துனதெல்லாம் போதும்டி."

"அந்தம்மா வந்தா என்ன சொல்லப் போற?" என்றார் அப்பா.

"உள்ளதைத்தான். புருஷன் குடுத்தது. முதல்ல பொழைக்கட்டும்."

தொட்டியைக் கவிழ்த்தாள். வேர் கூழாகி நாறியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர் ஒன்றுதான் கெட்டியாக இருந்தது.

"காத்துல கெடந்தது நல்லாத்தான் இருக்கு" என்றாள், தனக்குத்தானே.

அரிவாள்மனையை நெருப்பில் காட்டி, அழுகினதையெல்லாம் அறுத்தாள். வெட்டின இடத்தில் மஞ்சள் தூள் வைத்தாள். அடுப்புக்கரியை உடைத்துத் தேங்காய் மட்டையில் போட்டு, அதில் செடியைக் கட்டி, நிழலில் தொங்கவிட்டாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

மிச்சம் மூன்று இலை. ஒன்று பாதி மஞ்சள். கிள்ளப் போனேன்.

"விடு. தானா விழட்டும்."

அதுவும் விழுந்தது. அம்மா தினமும் காலையில் டம்ளரில் தண்ணீரோடு வருவாள். செடி முன்னால் நிற்பாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டுப் போவாள். வாரம் ஒருநாள் மட்டும் செடிக்கு. எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

டிரைவரம்மா வந்தார். தொங்கிய செடியையும் இரண்டு இலையையும் பார்த்தார்.

"நாந்தான் தண்ணி ஊத்திக் கெடுத்தேன். நீங்க சொன்னதைக் கேக்கல" என்றாள் அம்மா.

அவர் மட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பச்சை நுனியோடு புது வேர் ஒன்று வந்திருந்தது. அதை விரலால் தொட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரிவாள்மனைக் கதையைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சரி, சிரிக்கவாவது வைப்போம் என்று சொன்னேன்:

"அம்மா தெனம் டம்ளர்ல தண்ணி கொண்டாந்து, ஊத்தாமலே போயிடும்!"

டிரைவரம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ரொம்பக் கஷ்டம்மா" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரிவாள்மனைக்கு அல்லவா கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றாமல் நிற்பதில் என்ன கஷ்டம் என்று அன்றைக்கு விளங்கவில்லை.