துவைத்த நைட்டி

மாடு வாங்க ஆசைப்பட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அது என் மனைவியின் பசு என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். காக்கநாட்டில் வேலை, மட்டாஞ்சேரியில் வீடு என்று பாதி ஆயுசை பஸ்ஸிலேயே கழித்தவன் நான். ஓய்வு பெற்றதும், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, ஒரு பசு, கொஞ்சம் கோழி, ஒரு ஜோடி வாத்து என்று ஆரம்பித்தேன். சாணி வாரத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று என் மனைவி அன்றே சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறாள். எங்கள் வீட்டில் சாணி என்னுடையது, பால் அவளுடையது.

கொச்சிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் பாலக்காட்டு உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி விடியலில் காயல் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும்போது வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தால் தெரியும். குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு நான் கொட்டகைக்குள் நுழையும்போது ஊர் பாதி தூக்கத்தில் இருக்கும். முதலில் கோழிக்கூட்டைத் திறக்க வேண்டும். வாத்துகளுக்குப் பொறுமை கிடையாது, அவற்றிடம் திட்டு வாங்கிக்கொண்டே தீனி வைக்க வேண்டும். பிறகு பசுவின் முதுகில் இரவு போர்த்திய சாக்கை எடுத்து உதறி, சாணியை வாரி, தரையைக் கழுவி, கொசுவை விரட்ட தேங்காய் மட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டி, வெந்நீரில் ஊறிய பிண்ணாக்கைத் தவிட்டோடு கலந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். மட்டாஞ்சேரியில் இஞ்சியும் மிளகும் வேண்டிய மட்டும் கிடைக்கும், புல்தான் கிடைக்காது. அதனால் வாழைத்தண்டுக்கும் பலா இலைக்கும் ஸ்கூட்டரில் சுள்ளிக்கல் வரை போகிறவனும் நான்தான்.

இத்தனையும் முடிந்து, இடம் சுத்தமாகி, புகை அடங்கி, பசு வயிறு நிறைந்து நிற்கும் நேரம் பார்த்து என் மனைவி வருவாள். காப்பி குடித்துவிட்டு வருவாள். பழைய காப்பிக்கலர் நைட்டி, தலையில் ஒரு துண்டு, கையில் எவர்சில்வர் தூக்கு. அவள் பின்கதவைத் திறக்கும் சத்தத்துக்கே பசுவின் காது திரும்பிவிடும். வாயிலிருக்கும் தீனியை மெல்லாமல் நிறுத்திவிட்டு, கழுத்தை வளைத்து அவளைப் பார்க்கும். பக்கத்தில் வந்ததும் தோளை நக்கும். அவள் அதன் காதில் ஏதோ முணுமுணுப்பாள், என்னவென்று எனக்குக் கேட்காது. கேட்காதபடிதான் பேசுவாள். கை வைத்த மாத்திரத்தில் பால் இறங்கித் தூக்கில் விழும்.

எனக்கு வயிறு எரியும். வயது அறுபதைத் தாண்டியவன், ஒரு மாட்டுக்காகப் பொறாமைப்படுகிறேன் என்று வெளியில் சொல்ல முடியுமா? ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். கன்று இருந்தவரை இவ்வளவு மோசமில்லை. அது முட்டிக் குடித்துச் சுரக்க வைத்தபின் யார் கறந்தாலும் பால் வந்தது. கன்று வளர்ந்து, பள்ளுருத்தியில் மாடு வைத்திருக்கும் ஒருவர் அதைக் கொண்டுபோனதிலிருந்து பசு இவள் ஒருத்தியின் கைக்குத்தான் சுரக்கும் என்றாகிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. வாழைப்பழம் கொடுத்தேன், வெல்லம் கொடுத்தேன், நெற்றியைச் சொறிந்து விட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என் தோளுக்கு மேலாகப் பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருநாள் துணிந்து காம்பில் கை வைத்தேன். உதைத்த உதையில் தூக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் மனைவி ஓடி வந்து, பசுவின் காலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

போன மார்கழியில் பாலக்காட்டில் அவள் தங்கைக்கு முழங்கால் மூட்டு ஆபரேஷன் என்று போன் வந்தது. மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் தயங்கினாள். நான்தான் வற்புறுத்தினேன். கூடப் பிறந்தவளைவிட மாடு பெரிதா, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றெல்லாம் பெரிய மனுஷனாகப் பேசினேன். அவள் நாலு நாள் இல்லாவிட்டால் பசு வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பும் என்பதுதான் என் கணக்கு. அவள் கிளம்பும் அன்று காலை கறந்து முடித்துவிட்டு, அந்தக் காப்பிக்கலர் நைட்டியைக் கொட்டகை ஆணியில் மாட்டினாள். இதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நான்தான் என்று நினைத்துப் பால் தரும், வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கறவைக்காரர்கள் வீட்டில் இது நடப்பதுதான், எனக்கும் தெரியும். பெண்சாதி ஊருக்குப் போனால் புருஷன் அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு கறப்பான்.

அவள் போனபிறகு நைட்டியை எடுத்துப் பார்த்தேன். சாணி, பால் கவுச்சி, தேங்காயெண்ணெய், வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரு வீச்சம். நான் கொஞ்சம் சுத்தக்காரன். அதைச் சோப்புப் பொடியில் நன்றாக ஊறவைத்து, அடித்துத் துவைத்து, துணி மணக்க ஊற்றுவார்களே, அதையும் இரண்டு மூடி ஊற்றி அலசி வெயிலில் போட்டேன். சாயங்காலம் அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டபோது ரோஜாப்பூ வாசனை. மிக மரியாதையாகப் போய் உட்கார்ந்தேன். பசு ஒரு தடவை முகர்ந்தது, உதைக்கக்கூட இல்லை. விலகி நின்றுகொண்டது. நான் பக்கம் மாறி உட்கார்ந்தால் அதுவும் மாறி நின்றது. காம்பை எவ்வளவு இழுத்தும் ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை.

காலையில் பார்த்தபோது மடி கல்லாக இறுகிக் கிடந்தது. தொட்டால் சூடு. தொட்டியில் தீனி அப்படியே இருந்தது. பசு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு முனகியது. பால் தேங்கினால் மடிவீக்கம் வரும், வந்தால் அந்தக் காம்பே செத்துப்போகலாம் என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டுப் பால் இறக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதற்கு எனக்கு மனசில்லை. பயந்துவிட்டேன். பொறாமை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடி கறக்க மாட்டிய நைட்டியோடேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் கறந்தாயிற்றா என்றுதான் கேட்டாள். தரமாட்டேன் என்கிறது என்றேன். நைட்டி போட்டுக்கொண்டீர்களா என்றாள். போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், நன்றாகத் துவைத்துத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். அவள் நம்பாமல் திரும்பக் கேட்டாள்.

"அலக்கினேளா? என் வாசனை இருக்கட்டும்னுதானே அதை அப்படியே விட்டுட்டு வந்தேன்."

அவள் திட்டவில்லை, திட்டுவதற்கு நேரமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அதன் காதுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். தொட்டிக்கு மேலே தகரத்தைத் தாங்கும் கட்டையில் போனைச் செருகிவிட்டு, தூக்கோடு போய் உட்கார்ந்தேன்.

"என்னடி கண்ணா, என்ன ஆச்சு? வலிக்கறதா? ராத்திரி தூங்கலையா நீ? பாவம், குளிரித்தோ? சாக்கு நன்னாப் போத்தினாரா? என்னை நெனைச்சுண்டு சாப்பிடாம இருக்கப்படாது, கேட்டியா. நான் வந்துடுவேன்."

பசு தலையை நிமிர்த்தியது. காது இரண்டும் போன் பக்கம் திரும்பின. ஒரு பெருமூச்சு விட்டது. என் விரலுக்கடியில் காம்பு மெல்லத் தடித்தது. முதல் பீச்சு தூக்கின் அடியில் விழுந்தது. அடுத்து அடுத்து என்று வந்தது. காப்பாற்றிவிட்டாள்.

அப்போதுதான் அவள் பேசுவது எனக்கு முழுசாகக் கேட்டது. தினமும் மாட்டின் காதில் முணுமுணுத்தது இதுதான் போலிருக்கிறது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான் ஆடிட் வேலையாக வெளியூர் போனால், அடுத்த வீட்டு போனுக்கு அவளைக் கூப்பிடுவேன். அவர்கள் கேட்டுவிடப் போகிறார்களே என்று தணித்துக்கொண்டு, தூங்கினேளா, குளிரறதா, சாப்பிடாம இருக்காதேங்கோ என்று இதே குரலில்தான் கேட்பாள். அந்தக் குரல் வயதானதில் போய்விட்டது, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஒரு சேதமும் இல்லாமல் அப்படியே இருந்தது. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் போன் பேச்செல்லாம் கேஸ், கரண்டு பில், வரும்போது நேந்திரங்காய் என்பதோடு சரி. இத்தனை நாள் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அந்த மாட்டைப் பார்த்துப் பட்டேன், இது முன்னதைவிட மோசமாக இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கறந்துகொண்டே, எனக்கும்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றேன்.

"நீங்க பேசாதேங்கோ. உங்க சத்தம் கேட்டா நிறுத்திடுவா."

நான் பேசவில்லை. அவள் பேசினாள். தங்கை வீட்டுத் தோட்டத்தில் புல் இடுப்பளவு நிற்கிறதாம், உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள். உன் ஞாபகமாகவே இருக்கிறது என்றாள். நான் பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். தூக்கு நிறைந்தது. மடி இளகியது. கடைசிச் சொட்டும் வந்து, காம்புகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. பசு கறவையை மறந்து தொட்டியில் வாய் வைத்தது. பால் வருகிறதா என்று அவள் கேட்டாள். வருகிறது, இன்னும் கொஞ்சம் பேசு என்றேன்.