வெளிர் மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்?

முதல் தடவை டாக்டர் குழாயை உள்ளே விட்ட வேகத்தில் வெளியே எடுத்துவிட்டார். "குடலே தெரியலை, பரோட்டாதான் தெரியுது" என்றார். முந்தின நாள் சாயங்காலம் அப்பா விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பேதி மருந்து குடிக்கோம்ல, எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிரும்னு நெனச்சேன் தாயி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெரியப்பா குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வரலாம், தொந்தரவு எதுவும் இல்லாதபோதே பார்த்துவிடுங்கள் என்று அவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னதால்தான் மதுரைக்கு இழுத்து வந்திருந்தேன். சூலக்கரையில் என் ஆபீசில் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, லீவு லெட்டரில் "அப்பாவுக்கு வலது கண் பரிசோதனை" என்று எழுதியிருந்தேன்.

"அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர். "பாதி மருந்து முந்தின நாள் சாயங்காலம், மீதி அன்னைக்கு விடியக்காலம். கடைசியா வெளிர் மஞ்சள் தண்ணியா மட்டும்தான் போகணும்."

அங்கேதான் வம்பு. அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மை கலக்குகிறவர். முப்பது வருஷமாக வெடிப்பெட்டி லேபிள்களுக்கு நிறம் பார்த்தவர்.

"எந்த மஞ்சள் சார்? சாம்பிள் இருக்கா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அப்பா சட்டைப்பையிலிருந்து, நிறங்களைக் கட்டம் கட்டமாக அச்சிட்ட ஷேடு கார்டை எடுத்து மேஜையில் விரித்தார். ஆள் கிளம்பினால் போதுமென்று டாக்டர் ஒரு மஞ்சள் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அதன் பக்கத்தில் 'ஓகே' போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் அப்பா எழுந்தார்.

அடுத்த வாரம் இடது கண்ணுக்கு லீவு எழுதினேன். இந்த முறை முந்தின நாளே மதுரையில் லாட்ஜில் தங்கி, அப்பா பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை. விடிந்ததும் அவர் லாட்ஜ் டம்ளரில் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, ஜன்னல் ஓரம் கார்டோடு நின்றார்.

"இங்கன வந்து பாரு. ஒரு நூல் கூடுதலாத் தெரியுது."

"ஓகேப்பா" என்றேன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"கண்ணைத் தெறந்து சொல்லு. பாக்காம ஓகே போட்டா லோடு அப்படியே திரும்பி வரும்."

பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த மருந்தையும் குடித்தார். அடுத்த டம்ளர் கார்டோடு அச்சாகப் பொருந்தியது.

மயக்க மருந்து வேண்டாமென்று பிடிவாதம் பிடித்துத் திரையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில், அச்சு மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"நில்லுங்க சார்! அந்த மடிப்போரம் ஒரு புள்ளி."

"அது அழுக்குங்க."

"தண்ணி அடிச்சுப் பாருங்க. அழுக்குன்னா போயிரும். போகலைன்னா அச்சுப் பிளேட்டுலயே இருக்குன்னு அர்த்தம்."

போகவில்லை. தட்டையாக ஒரு கட்டி. அங்கேயே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று முடிவு வந்தது. "குழாயை வெளிய இழுக்கும்போது இன்னும் நிதானமாப் பாத்திருக்கணும்" என்று டாக்டரே ஒப்புக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் குடலின் படம் கலரில் இருந்தது. அப்பா அச்சு பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தார். "மெஜந்தா தூக்கல், செவப்பு கூடிப்போச்சு" என்றார். ஆனால் லென்ஸ் அந்தக் கட்டியின் மேலிருந்து நகரவில்லை.

"ரத்தமாப் போகுதுன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டே எங்கண்ணன் செத்துப் போயிட்டாரே தாயி" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆமத்தூருக்குப் போய், டாக்டர் கையெழுத்துப் போட்ட ஷேடு கார்டைப் பெரியப்பாவின் மூத்த மகன் முன்னால் விரித்தார். அவரை மதுரைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. மறுநாள் ஆபீசில் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். கண்கள் இரண்டும் தீர்ந்துபோயிருந்தன. 'பெரியப்பா மகனுக்குக் குடல் பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.