தருக்கம் படித்தவன் கண்டுபிடித்தது

நான் கல்லூரியில் தருக்க சாஸ்திரம் படித்தவன். ஐம்பதுகளில் திண்டிவனத்தில் இந்தப் பெருமையை மதித்த ஒரே ஆள் நான்தான். விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் ரயிலில் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்பவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே பாடம் நடத்துவேன்.

"ஒருத்தன் பகல்ல சாப்பிடறதே இல்ல, ஆனா குண்டாயிக்கினே போறான். அப்போ ராத்திரியில சாப்பிடறான்னுதானே அர்த்தம்? இதுக்கு அருத்தாபத்தின்னு பேரு."

அவர்கள் பாவம், தலையாட்டுவார்கள்.

கல்யாணமான முதல் வருடம் என் மனைவி சோற்றைக் கண்டாலே முகம் சுளித்து எழுந்துவிடுவாள். ஆனால் அவளுடைய ரவிக்கைகள் இறுகிக்கொண்டே வந்தன. சாஸ்திரமே வீடு தேடி வந்துவிட்டதென்று பூரித்துப்போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தபோது என் முடிவை அறிவித்தேன்.

"நான் ரயிலேறினதும் நீ ஒளிச்சு வெச்சு சாப்பிடற. காரணத்தோட நிரூபிக்கறேன், கேளு."

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாலு மாசமாவுதுங்க. பால்காரம்மா எப்பவோ கண்டுபுடிச்சுட்டாங்க. நீங்களா கேப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நானோ ஒரு மேதையைப் போலக் கேட்டேன்: "அந்தம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"என் மூஞ்சியப் பாத்துதான்."

கண்ணால் பார்த்து அறிவதுதான் அறியும் வழிகளில் முதலாவது. அதைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.