ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த கேள்விக்குறிகள்

எங்கள் கல்லூரியில் கணினிகள் படுத்துக்கொண்டால் முதல் குற்றவாளி கரண்ட். அடுத்தது எலி. மூன்றாவது நான். இத்தனை வருடத்தில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில், வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில், கரும்பும் நெல்லுமாக இருக்கிற இடத்தில் திடீரென்று எங்கள் கண்ணாடிக் கட்டடம் வரும். அதன் தரைத்தளத்தில் ஒரு குளிர்சாதன அறை, அதில் ஒரு கணினிக் கூட்டம். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளியே வெயில் கொளுத்தும்போது நான் மட்டும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ தீராத காய்ச்சல் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் கோப்புகளை வைக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பாகம் பிரித்த குடும்பம் மாதிரிதான். நிலம் ஆறு தம்பிகளிடம் பிரிந்து கிடக்கிறது. பட்டா மட்டும் பெரியண்ணன் கையில். பெரியண்ணன் என்பது ஒரு கணினி. அதற்குக் கோப்புகளின் பெயர்களும், எது எந்தத் தம்பியிடம் இருக்கிறது என்பதும் தெரியும். தம்பிகள் என்பவை ஆறு சேமிப்புக் கணினிகள். அவற்றில் சரக்கு இருக்கிறது, பெயர் கிடையாது. பெரிய கோப்பு என்றால் துண்டு துண்டாக ஆறு பேரிடமும் இருக்கும். சின்னது முழுசாக யாராவது ஒருவரிடம் இருக்கும். எல்லோரும் பேசிக்கொள்கிற வரைக்கும் இதைவிட வேகமான ஏற்பாடு கிடையாது. பேச்சு நின்றால் என்ன ஆகும் என்பது பாகம் பிரித்த எந்த வீட்டுக்கும் தெரியும்.

விடுமுறைக்கு முந்தின நாளே அலுவலகங்களில் ஆயுத பூஜை போட்டுவிடுவது வழக்கம். எங்கள் அறைக்கும் வாழைக்கன்று வந்தது, மாவிலை வந்தது, பூசணிக்காய் வந்தது. காற்று போகிற ஓட்டைகளை அடைத்துக்கொண்டு சாமந்தி மாலை தொங்கியது. "கற்பூரம் வெளியில் மட்டும்" என்று நான் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். அந்த ஒரு வெற்றியில் மயங்கி மற்றதைக் கவனிக்காமல் விட்டேன்.

முதல் பொட்டு வைக்கிற மரியாதை பிரின்சிபாலுக்கு. அவர் அறையை ஒரு சுற்று பார்த்தார். பீரோ உயரத்துக்கு யு.பி.எஸ். நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில், சரியாக நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், வட்டமாகச் சிவப்பாக ஒரு பொத்தான். தீப்பிடித்தால் எல்லா மின்சாரத்தையும் ஒரே தட்டில் நிறுத்துவதற்கானது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது, உடைந்துபோய்விட்டது. வேறு மூடி கேட்டு நானும் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தேன். பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்த அந்த இடத்தில், பிரின்சிபால் கட்டை விரலால் சந்தனத்தை வைத்து, பக்தியோடு அழுத்தினார்.

அறை அடங்கிப்போனது. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிற விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டு குங்குமத்தையும் வைத்து இன்னொரு முறை அழுத்தினார்.

"ஆகா, இன்னா ஒரு அமைதி பாத்தீங்களா" என்றார். எலக்ட்ரீசியன் அந்த அமைதிக்குள் மணியை ஆட்டினார்.

எனக்குப் பக்கத்தில் பொரித் தட்டோடு நின்றிருந்த பெண் என்னைப் பார்த்தாள். அவள் எங்கள் ஆராய்ச்சி மாணவி. பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற ஒரு தெருவில் வீடு. அப்பா அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்தவர்கள். தென்பெண்ணையில் தண்ணீர் திறந்து, ஏரியும் நிரம்பினால், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்தத் தெருவில் எப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த அவளுடைய கடைசிக் கணக்கு அந்த நேரத்தில்தான் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தது. தெருவுக்கு ஒரு சின்னக் கோப்பு. இந்த மாத இறுதியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. மறுபடி ஓட்ட நேரமே இல்லை.

"அக்கா, போயிடுச்சா?" என்றாள். மற்றவர்கள் எதிரில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அன்று மறந்துவிட்டாள்.

மின்சாரத்தைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு கணினியாக எழுப்பினேன். மூன்றாவது தம்பி மட்டும் எழுந்திருக்க அடம்பிடித்து, தன் வட்டைத் தானே சோதித்துக்கொண்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தான். அவளுடைய கோப்புகள் இருக்கிற அடைவைத் திறந்து பட்டியல் கேட்டேன். பாதித் தெருக்கள் ஒழுங்காக வந்தன. மீதித் தெருக்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது. அளவு, தேதி, யாருடையது என்று வரவேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

திறக்கச் சொன்னால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. சரி, இல்லாததை அழித்துவிடு என்றால், இல்லாததை எப்படி அழிப்பது என்கிற தோரணையில் மறுத்தது. அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கப் பார்த்தால், அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்றது. அரசு அலுவலகங்களுக்கு அலைந்து பழகிய ஊர்க்காரி நான். எனக்கே கோபம் வந்தது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் குப்பைத் தொட்டிப் படத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார். துறைத்தலைவர் வைரஸாக இருக்கும் என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதைத்தான் ஏற்கெனவே பக்தியோடு செய்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடட்டுமா மேடம்?" என்றார் எலக்ட்ரீசியன். வந்த யோசனைகளில் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான், அதனால் சரி என்றேன்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு அறைக்கு வந்தது. யு.பி.எஸ்ஸின் சிவப்புப் பொத்தானில் சந்தனம் காய்ந்து, குங்குமம் பளிச்சென்று, கட்டை விரல் ரேகை முதல்கொண்டு தெரிந்தது. ஏழெட்டுப் பேர் அதன் முன்னால் நின்று, அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். கரண்ட் ஏறி இறங்கியதால் நேர்ந்த கோளாறு என்று முடிவானது.

பிரின்சிபாலுக்கு வேறு கவலை. அடுத்த வாரம் கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ கொஸ்டின் மார்க்? வர்றவங்க பாத்தா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பாங்க? அழிச்சிடுங்க."

"அழிய மாட்டேங்குது சார்."

"மொத்தமா அழிச்சிட்டா?"

இது அவர் மூளையில் உதித்ததல்ல. கணினிகளை விற்ற கம்பெனிக்காரப் பையன் சென்னையிலிருந்து போனில் சொன்னது. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டால் சுத்தமாகிவிடுமாம். சுத்தமாகும், சந்தேகமில்லை. வீட்டை இடித்துவிட்டால் ஒட்டடையும் இருக்காது. அந்தப் பெண்ணின் நல்ல கோப்புகளும் சேர்ந்து போய்விடும் என்றேன். ஒரு மாணவிக்காகக் கல்லூரியின் பெயரைக் கெடுக்க முடியாது என்றார் பிரின்சிபால். ஆட்கள் வருகிற காலைக்குள் கேள்விக்குறிகள் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துடைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் நல்ல கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்தேன். பிறகு பெரியண்ணனிடம் போய், இந்தப் பெயர்களுக்கு உரிய சரக்கு யாரிடம் என்று விசாரித்தேன். எல்லாமே மூன்றாவது தம்பியிடம் என்றது. மூன்றாவது தம்பியிடம் போனால், அண்ணன் சொன்ன இடம் காலி. காணாமல் போனவற்றின் பெயரையாவது அழிக்கலாமா என்றால், தம்பி ஒப்புக்கொள்ளாமல் அண்ணன் பட்டாவிலிருந்து பெயரை அடிக்க மாட்டார். எந்த நிலம் என்றே தெரியாத தம்பி எதை ஒப்புக்கொள்வான்? கேள்விக்குறிகள் ஏன் அசையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தத் தம்பியின் வட்டைத் துழாவினேன். ஒரு மூலையில், எழும்போது தன்னைத் தானே சோதித்தானே, அப்போது யாருடையது என்று தெரியாததையெல்லாம் அள்ளிப் போட்ட இடம் இருந்தது. உள்ளே வெறும் எண்களைப் பெயராகத் தாங்கிக்கொண்டு ஏகப்பட்ட கோப்புகள். சரக்கு அப்படியே இருந்தது. பெயர் போயிருந்தது, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஸ்வெட்டரைக் கழற்றினேன். வியர்த்துவிட்டது.

இப்படிப் பிரிந்து போனதைச் சரி பார்ப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. கம்பெனிக்காரப் பையனைக் கூப்பிட்டேன்.

"அது ரெண்டு கேள்வி கேக்கும் மேடம். சரக்கு இல்லாத பேர அழிக்கட்டுமா, பேர் இல்லாத சரக்க அழிக்கட்டுமான்னு. ரெண்டுக்கும் யெஸ் குடுத்துடுங்க. எல்லாரும் அப்டித்தான் பண்ணுவாங்க. க்ளீன் ஆயிடும்."

"ரெண்டாவது யாரோட உழைப்புன்னு தெரியுமாப்பா உனக்கு?"

"அது வெறும் ஜங்க் மேடம்."

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

கருவியை ஓட்டி, முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து உதிர்ந்தன. இரண்டாவதற்கு இல்லை என்று எழுதி, எழுதியது சரிதானா என்று திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் தட்டினேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். ஆட்கள் வருவதாகச் சொன்ன காலை அது. வெளியே வாசலில் யாரோ கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் முடிந்துவிடவில்லை. கோப்புகளுக்குள் நேரமும் தண்ணீரின் உயரமும் மட்டும்தான் இருந்தன. எந்தத் தெரு என்பது பெயரில் மட்டும் இருந்த விஷயம். அந்தப் பெயர்களைத்தான் நான் என் கையாலேயே அழித்திருந்தேன். பெயர்களை வேண்டுமானால் திரும்பத் தட்டிக்கொள்ளலாம். எதற்கு எது என்று யார் சொல்வது?

"ஒண்ணொண்ணா வரைபடமா போட்டுப் பாப்போம். உனக்கு ஏதாவது தோணுதா பாரு" என்றேன். நம்பிக்கையோடு சொல்லவில்லை.

முதல் கோப்பு, ஒரே மேடு. அடுத்ததும் அப்படித்தான். இன்னொன்றில் தண்ணீரே இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பிறகு ஒன்றில் கோடு ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "அக்கா, இது எங்க வூடு."

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு வாட்டி ஏறுது பாருங்க. எங்க தெருவுல மட்டும்தான் அப்டி. மொதல்ல ஆத்துத் தண்ணி பின்பக்கமா வரும். அது எறங்கும். அப்பறம்தான் ஏரித் தண்ணி வரும். எத்தினி வாட்டி பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் வீடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவளுடைய மடிக்கணினியில் ஆரம்ப காலச் சோதனைக் கணக்கு ஒன்று இருந்தது. அதில் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில், எதில் பிறகு என்ற வரிசை உண்டு. அவள் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டு மளமளவென்று பெயர் வைத்துவிட்டோம். ஆய்வேடு பிழைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரின்சிபால் வெளியூர் ஆட்களோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க?"

"எங்க தெரு மொத்தமா முழுகிடுச்சி சார்" என்றாள் அவள், கண்ணில் தண்ணீரோடு.

"வெரி குட், வெரி குட்" என்றார் பிரின்சிபால், வந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டே. இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளுக்குக் கல்லூரி எவ்வளவு ஊக்கம் கொடுக்கிறது என்று விளக்கியபடி அவர்களை யு.பி.எஸ். பக்கமாக அழைத்துப் போனார். குங்குமம் இன்னும் அப்படியே இருந்தது. வந்தவர்களில் ஒருவர் அதைக் கும்பிட்டார்.

அவர்கள் போன பிறகு அவள் திரும்ப உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது. இரண்டு மேடுகளுக்கும் நடுவே இருந்த சின்னப் பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"இந்த நேரத்துலதான் அக்கா நாங்க எல்லாரும் மேட்டுல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். மொதத் தண்ணி எறங்கனதும் மூட்டைய தூக்கிக்கினு. வூட்ல ஆயிரம் வாட்டி சொல்வாங்க, எறங்கட்டும் எறங்கட்டும்னு." விரலைக் கோட்டின் மேல் நகர்த்தினாள். "இதுல பாருங்க, பள்ளம் பேருக்குத்தான் இருக்கு. முழுசா எறங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது."

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் இரண்டாவது கேள்விக்கும் ஆமாம் என்று தட்டியிருந்தால் ஜங்க் என்று போயிருக்கக்கூடியது அது.

அவள் கைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். வெளியே ஐப்பசி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, மழைக்கான அறிகுறியே இல்லை.

"மா, நான்தான். இந்த வாட்டி தண்ணி வந்தா எறங்கட்டும்னு காத்துக்கினு இருக்காத. மொதத் தண்ணியிலயே கெளம்பிடு. பக்கத்து வூட்லயும் சொல்லிடு, இன்னா?"